ஆளுக்கோர் ஊர், எல்லோருக்கும் ஒரு பாட்டு

சேர்ந்து பாடுவது என்றால் என்ன? ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், ஒரே தாளத்தில் பலர் பாடுவது என்று எங்கள் பாடற்குழுவின் மிகச் சிறிய மாணவிகூடச் சொல்லிவிடுவாள். ஆனால் இந்த நான்கில் முதல் இரண்டும் இல்லாமலே சேர்ந்து பாட முடியும். ஒருத்தி நாகலூரில் காலையில் பாடுவாள். இன்னொருத்தி நான்கு நாள் கழித்துத் திருப்பூரில் இரவில் பாடுவாள். கேட்பவர் காதில் இருவரும் அருகருகே நின்று பாடுவது போலவே விழும். இது எப்படி நடக்கிறது என்பதை, சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் செய்து பார்த்ததைக் கொண்டு இங்கே எழுதுகிறோம்.

முதலில் இது முற்றிலும் புதிய வித்தை என்று எண்ணிவிடக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் யாவரும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். திரு. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) தயாராயிற்று; 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) வண்ணத்தில் வந்ததும் அங்கிருந்துதான். பேசும் படம் தோன்றிய புதிதில் நடிகர்கள் காமிராவின் முன்னே தாங்களே பாடி நடித்தார்கள். பிறகு பின்னணிப் பாடல் வந்தது. பாடகர் முன்னதாகவே பாடிப் பதிவு செய்துவிடுவார். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடிப்பவர் வாயை அசைப்பார். குரல் ஓரிடத்தில், முகம் ஓரிடத்தில், நாளும் வேறு. ஆனால் கொட்டகையில் அமர்ந்திருப்பவருக்கு அது ஒரே ஆள்! பிரிந்திருப்பவற்றைச் சேர்த்துக் காட்டும் வேலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்யும்போது மட்டும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடியாக வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்தக் கட்டை அவிழ்த்தது, குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடங்களில் பதிந்து பிறகு சேர்க்கும் முறை. அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிதார் கலைஞர், தாம் வாசித்ததைத் தட்டில் பதிந்து, அதை ஓடவிட்டு, அதன்மேல் மறுபடியும் தாமே வாசித்து, இப்படி எட்டுக் கிதார் பகுதிகளை அடுக்கி 1948இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஒரே ஆள் எட்டு முறை வெவ்வேறு நேரத்தில் வாசிக்கலாம் என்றால், எட்டு ஆட்கள் வெவ்வேறு ஊரில் வாசிக்கவும் தடையில்லை அல்லவா?

நம் நாட்டில் இதைவிடக் கடினமான ஒன்றும் நடந்திருக்கிறது. 'ஹே ராம்' (2000) படத்தின் பாடல் காட்சிகள் வேறோர் இசையமைப்பாளரின் மெட்டுகளுக்குப் படமாக்கப்பட்டிருந்தன. பின்னர் பொறுப்பேற்ற இளையராஜா, திரையில் ஏற்கெனவே அசைந்துவிட்ட உதடுகளுக்குப் பொருந்தும்படி புதிய மெட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். தைத்து முடித்த சட்டைக்கு ஆளைத் தேடுவது போன்ற வேலை!

இனி வீட்டிலிருந்து பாடுபவர்களைப் பார்ப்போம். எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், பாடகர்கள் தத்தம் வீட்டில் பாடி அனுப்பிய ஒளிப்பதிவுகளைக் கோத்து 2010இல் ஒரு சேர்ந்திசையை வெளியிட்டார். 12 நாடுகளைச் சேர்ந்த 185 குரல்கள் அதில் இருந்தன. அடுத்த ஆண்டில் அது 58 நாடுகள், 2,052 குரல்கள் ஆயிற்று. கொரோனாவுக்காக உலகமே கதவடைத்துக் கிடந்த 2020இலோ 129 நாடுகளிலிருந்து 17,572 பேர். எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் முந்நூறு பேர் பாடினாலே கண்ணாடிகள் அதிரும். பதினேழாயிரத்தை நினைத்துப் பாருங்கள்!

அந்தச் சேர்ந்திசைகள் அவருடைய சொந்த ஆக்கங்கள். பழைய, எல்லோரும் அறிந்த பாட்டை எடுத்துக்கொண்டவர் மார்க் ஜான்சன். கலிபோர்னியாவில் சாந்தா மோனிக்கா நகரத்துத் தெருவில் ரோஜர் ரிட்லி என்பவர் பாடிய பாட்டைப் பதிவு செய்து, அதை ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டு சென்று, அங்கங்கே உள்ள தெருப் பாடகர்களுக்குக் காதுக் கருவியில் போட்டுக் காட்டி, அதன்மேலேயே அவர்களையும் பாடவைத்தார். பாட்டு, பென் இ. கிங் 1961இல் வெளியிட்ட 'ஸ்டாண்ட் பை மீ'. 2008இல் இது இணையத்தில் வெளியானபோது முதலில் பாடிய ரிட்லி உயிரோடில்லை. தன் குரலுக்கு மேல் எத்தனை குரல்கள் வந்து சேர்ந்தன என்பதை அவர் கேட்கவேயில்லை. எங்களுக்கு இந்த வரலாற்றில் மனத்தை விட்டு அகலாதது இதுதான்.

தமிழர்களிடையே இதைப் பரப்பியது ஸ்மூல் என்ற கைப்பேசிச் செயலி. ஒருவர் ஒரு ஜோடிப் பாட்டில் தம் பங்கை மட்டும் பாடி வைத்துவிடுவார். வேறெங்கோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவர் மற்றப் பங்கைப் பாடி முடிப்பார். மதுரையில் காய்கறிக்கடை வைத்திருப்பவரும் சிங்கப்பூரில் கணக்கு எழுதுபவரும் இப்படி ஒரே பாட்டின் இரு பாதிகளாகலாம். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து, தம் பாடல்களை இச்செயலி பயன்படுத்துவதற்கு ஆட்சேபம் எழுந்தது. அதனால் பலருக்கு வருத்தம். பாட்டின் உரிமையைப் பற்றிப் பின்னர் எழுதுகிறோம். அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

சரி, இவர்கள் ஏன் கைப்பேசியில் ஒருவரையொருவர் அழைத்து நேரடியாகச் சேர்ந்து பாடவில்லை? நாங்களும் முதல் நாள் இதைத்தான் சோதித்துப் பார்த்தோம். எட்டுப் பேரும் காணொளி அழைப்பில் வந்து ஒரே பாட்டைத் தொடங்கினோம். கல்யாண வீட்டுப் பந்தியில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் சாம்பார் கேட்டது போல் இருந்தது.

காரணம் தாமதம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவது நம் காதை எட்ட ஒரு நொடியில் ஆயிரத்தில் 29 பங்கு ஆகிறது. அதுவரை சமாளித்துவிடலாம். அதற்கு மேல் தாமதம் கூடினால் தாளம் நழுவத் தொடங்கும். இணையத்தின் கண்ணாடி இழையிலோ ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் பாய்கிறது. அப்படியானால் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவே தாமதமே இருக்கக் கூடாதே என்று தோன்றும். தூரம் இங்கே குற்றவாளி அன்று. கைப்பேசி முதலில் குரலை எண்களாக மாற்றுகிறது. பிறகு சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. பொட்டலங்கள் பல நிலையங்களில் நின்று நின்று போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில், பிந்தி வருபவற்றுக்காகச் சற்றுக் காத்திருந்து, பிறகே அவிழ்க்கப்படுகின்றன. இதற்கெல்லாம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு எளிதாகப் போய்விடும். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.6 நொடி. தாமதம் 0.2 நொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு தட்டு கெட்டது. மேலும், அவள் வரட்டும் என்று இவளும், இவள் வரட்டும் என்று அவளும் காத்திருக்க, பாட்டு வரவரத் தளர்ந்து, கடைசியில் படுத்தே விடும். பேசும்போது இந்தத் தாமதம் நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் பேச்சில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குகிறார். (எங்கள் வகுப்பு இதற்கு விலக்கு.)

ஆகவே நேரலையை விட்டுவிட வேண்டும். எல்லோரும் ஒரே வழிகாட்டிப் பதிவைக் காதில் கேட்டுக்கொண்டு, தனித்தனியே பாடிப் பதிந்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டும். விட்டேக்கரும் ஸ்மூல்காரர்களும் செய்வது இதுவே.

எங்களுக்கு இது விளையாட்டாகத் தொடங்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் பாடும் எட்டுப் பேரில் ஒருத்தியின் தந்தைக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. ஜூனில் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்பது ஏப்ரலிலேயே தெரியும். வீடு மாற்றும் வேலைக்காக மே மாதமே குடும்பம் இறங்கிவிட்டது. எட்டுக் குரலும் சேர்ந்த ஒரு பதிவுகூட எங்களிடம் இல்லை. இனி எட்டுப் பேரும் ஒரே இடத்தில் நிற்கப் போவதுமில்லை. எனவே இம்முறையைத் தேடிப் பிடித்தோம்.

பாட்டு? மலையடிவாரத்து ஸ்டூடியோவின் பாட்டாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யில், ஜி. ராமநாதன் இசையில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு. கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகும் காட்சி அது. எதற்காக அழைத்துப் போகிறான், முடிவில் விழுந்தது யார் என்பதை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு மலரில் விவரிக்க வேண்டாம் என்று எங்கள் இசை ஆசிரியை சொல்லிவிட்டார்.

வழிகாட்டிப் பதிவைத் தயாரிப்பதுதான் முதல் வேலை. பாதி வேலையும் அதுவே. அதில் மூன்று இருக்க வேண்டும்: சுருதி, தாளத் தட்டு, மெட்டின் ஒற்றைக் குரல். லோகநாதன் பாடிய பங்கைப் பெண் குரலில் அப்படியே பாட முடியாது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை வசதி. எங்களுக்கு ஐந்து கட்டை என்று ஆசிரியை தீர்ப்பளித்தார். சுருதியை அவரவர் வீட்டு ஆர்மோனியத்தில் எடுத்துக்கொள்ள விடக் கூடாது. பழைய ஆர்மோனியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே பதிவிலிருந்தே சுருதி வர வேண்டும். தொடக்கத்தில் நான்கு வெறுந்தட்டுகள். நான்காவதோடு சேர்த்து ஒவ்வொருத்தியும் ஒரு முறை பலமாகக் கை தட்ட வேண்டும். இந்தக் கைதட்டல் மிக முக்கியம். கணினித் திரையில் ஒலி அலையைப் பார்த்தால் கைதட்டல் பனைமரம் போல் நெட்டுக்குத்தாக நிற்கும். எட்டுப் பனைமரங்களையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் எட்டுப் பாட்டும் ஒன்றாகத் தொடங்கும். சினிமாப் படப்பிடிப்பில் பலகையைத் தட்டுகிறார்களே, அதற்கும் காரணம் இதுதான்.

கேட்பதற்குக் கம்பியுள்ள காதுக் கருவியே வேண்டும். கம்பியில்லாத புளூடூத் கருவி தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஒரு கைப்பேசியில் கேட்டு, மற்றொன்றில் பதிவது நல்லது. அம்மாவின் கைப்பேசியும் அப்பாவின் கைப்பேசியும் ஒரே நேரத்தில் கிடைப்பதுதான் பாட்டைவிடக் கடினம்.

அடுத்தது இரைச்சல். எங்கள் மலை அமைதியானது என்று சுற்றுலா வருபவர்கள் சொல்கிறார்கள். ஒலிவாங்கியை வைத்துப் பார்க்கட்டும்! பகலில் சில்வண்டு, மாலையில் தகர ஓட்டின் மேல் கோடை மழை, இரவில் தவளை. இவற்றுக்கு நடுவே குக்கர் விசில். காலை ஐந்தரை மணி ஓரளவு தேவலாம் என்று கண்டோம். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். கம்பளி, மெத்தை, துணி தொங்கும் கொடி இவை ஒலியை விழுங்கும். வெள்ளக்கடையில் இருந்த தோழி திறந்த துணி அலமாரிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பாடினாள். எங்கள் பதிவுகளிலேயே தெளிவானது அவளுடையதுதான். வாய்க்கும் கைப்பேசிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று இரையாது.

பதிந்ததை அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல பதிவு குரலை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 மெகாபைட் ஆகும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் அது சுருக்கிப் பிழிந்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும். ஆனால் எங்களில் ஒருத்தியின் ஊரில் சிக்னல் கிடைப்பதே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான். அவள் அம்மா காப்பித் தோட்ட வேலை முடிந்து வந்த பிறகே கைப்பேசி அவள் கைக்கு வரும். அந்த நேரத்தில் பாறைக்குப் போக முடியாது. ஆகவே பதிவை மெமரி கார்டில் எடுத்து, தாளில் மடித்து, காலைப் பேருந்தில் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். நாற்பது நிமிடத்தில் ஏற்காடு பேருந்து நிலையத்தில் எங்கள் கையில் இருந்தது. ஒளியின் வேகமெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்?

சேர்க்கும் வேலையை 2000இல் வெளியான, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் செய்தோம். எட்டுத் தடங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டு வாய்க்கால்கள் போல் தெரியும். கைதட்டல்களை நேர் செய்த பிறகு, ஒவ்வொரு குரலின் அளவையும் கூட்டிக் குறைக்க வேண்டும். இங்கேதான் மனத்தாங்கல் வரும். பொதுவாக, மெட்டைத் தாங்கும் குரல் நடுவிலும் மற்றவை இடமும் வலமுமாகவும் நிற்க வேண்டும். 'ச', 'ஷ' போன்ற ஒலிகள் எட்டுப் பேரிடமும் ஒன்றாக விழாவிட்டால் பாம்பு சீறுவது போல் கேட்கும். அதனால் ஒருத்தியின் 'ச' மட்டும் போதும், மற்றவர்களுடையதை அந்தந்த இடத்தில் தணித்துவிட வேண்டும். யாருடைய 'ச'வை வைத்துக்கொள்வது என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் விவாதித்தோம்.

அதைவிடப் பெரிய விவாதம் ஒன்று இருந்தது. திருப்பூர்த் தோழி ஒரு மேல் ஸ்தாயி இடத்தில் சுருதியைவிடச் சற்றே கீழே நின்றாள். அதைச் சரிசெய்யக் கருவிகள் உள்ளன. ஆண்டி ஹில்டபிராண்ட் என்பவர், எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் ஒலியலைகளை அனுப்பி ஆராயும் துறையில் இருந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பி 1997இல் 'ஆட்டோ டியூன்' என்பதை உருவாக்கினார். அது வழுவிய சுரத்தைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். எங்களில் நால்வர் திருத்துவோம் என்றார்கள். மேடையில் ஒலிக்கப் போவது, பெற்றோர் கேட்கப் போவது, அவளுக்கே நாளை சங்கடமாகலாம் என்பது அவர்கள் வாதம். அதுவும் நியாயமே. மற்ற மூவர், நான்கு ஆண்டுகளாக அவள் அந்த இடத்தில் அப்படித்தான் நிற்கிறாள், திருத்தினால் அது வேறு யாரோ என்றார்கள். அவளையே அழைத்துக் கேட்டோம். "நீங்க என்ன வேணா பண்ணுங்கடி, ஆனா என்னைச் சத்தம் குறைக்காதீங்க" என்றாள். திருத்தாமல் விட்டோம். பதிவைக் கேட்ட ஒரு தோழியின் பாட்டி, அந்த இடம் வந்ததும், "இது அந்த உயரமான பொண்ணுதானே?" என்று கேட்டார்.

இனி உரிமை. பிறர் ஆக்கிய பாட்டை நாம் பாடி வெளியிடலாமா? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டுக்கும் பாடல் வரிக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். 'மந்திரி குமாரி' பதிவின் காலம் 2010 முடிவோடு தீர்ந்தது. ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தார். ஆகவே மெட்டின் காலம் 2023 முடிவு வரை. பாடல் வரியின் காலம் இன்னும் தீரவில்லை. ஒரே பாட்டுக்குள் மூன்று கடிகாரங்கள்! பாட்டு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் உரிமைத்தொகை செலுத்தி மறுபதிவு வெளியிடவும் சட்டத்தில் வழி உள்ளது. ஆனால் குறைந்தது 50,000 பிரதிகளுக்குத் தொகை கட்ட வேண்டும். எங்கள் உண்டியலுக்கு அது கட்டாது. ஒரு கல்வி நிலையத்தில் அதன் மாணவரும் ஆசிரியரும், தங்களுக்குள்ளும் பெற்றோர் முன்னிலையிலும் பாடுவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எனவே பதிவை இணையத்தில் ஏற்றாமல் ஆண்டு விழாவில் மட்டும் ஒலிக்கச் செய்தோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டவள் மாணவி ஆவாளா என்று ஒருத்தி ஐயம் கிளப்பினாள். மே மாதத்தில் பாடினாள், அப்போது அவள் நம் பெண்தான் என்று தலைமை ஆசிரியைச் சகோதரி முடித்துவிட்டார்.

இம்முறையில் கிடைக்காதது ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் மூச்சு வாங்குவதைக் கேட்டு நாமும் மூச்சு வாங்குவது, ஒருத்தி கண்ணால் காட்ட மற்றவர் வேகத்தைத் தணிப்பது, இவையெல்லாம் பதிவில் வராது. வழிகாட்டித் தட்டு இரும்புத் தண்டவாளம் போன்றது. யாரும் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. பாட்டின் முடிவில் சற்று இழுத்துப் பாட வேண்டிய இடத்துக்கு, தட்டையே முன்கூட்டி மெதுவாக்கி வைக்க வேண்டியிருந்தது. ஜிக்கி அப்படிக் கணக்குப் பார்த்தா பாடியிருப்பார்?

எட்டுத் தடங்களும், வழிகாட்டிப் பதிவும் பள்ளிக் கணினியில், 'மலைப்பாட்டு' என்ற பெயரிட்ட இடத்தில் தனித்தனியே உள்ளன. நடுவில் வரும் வாத்தியப் பகுதிக்கு வாசிக்க எங்களில் ஆளில்லாததால் அந்த இடத்தில் தாளத் தட்டு மட்டுமே கேட்கும். ஒன்பதாம் வகுப்பில் வயலின் கற்கும் தங்கைகள் இருவர் இருப்பதாகக் கேள்வி. சுருதி ஐந்து கட்டை. நான்காம் தட்டில் கை தட்ட மறக்க வேண்டாம்.